தொலைநோக்கிக் கண்ணாடியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டும்?

மாடியில் நகரும் கூரை போட்ட சிறு அறை கட்டி, 8 அங்குல நியூட்டன் வகைத் தொலைநோக்கியை நிரந்தரமாக நிறுத்தியிருக்கிறீர்கள். ஆறு மாதத்தில், குழாயின் அடியில் வெளிச்சத்தைக் குவிக்கும் பெரிய கண்ணாடியில் தூசி படிந்துவிட்டது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை துடைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். துடைக்கவே துடைக்காதீர்கள். கழுவலாம். அதுவும் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும்.

என்னிடம் இருப்பதும் இதே அளவுதான். வாங்கிய முதல் வருடம், ஒருநாள் ராத்திரி குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். டார்ச் வெளிச்சத்தில் எந்தக் கண்ணாடியும் குப்பைமேடாகத்தான் தெரியும் என்பது அப்போது தெரியாது. மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்து வட்டவட்டமாக ஒரு துடை. மறுபடி டார்ச் அடித்தால், தூசி போன இடமெல்லாம் தேய்த்துத் தேய்த்துப் பழசான எவர்சில்வர் தட்டு மாதிரி மெல்லிய கீறல்கள். தூசியில் மணல்துகளும் இருக்கும். அதன்மேல் துணியை வைத்து அழுத்தினால் அது உப்புத்தாள்தான். அடியில் இருக்கும் அலுமினியப் பூச்சோ ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம்.

தூசி அப்படி என்ன கெடுத்துவிடும்? குழாயின் வாய்ப்பக்கம் இருக்கும் சிறிய கண்ணாடி 50 மில்லிமீட்டர் அகலம் என்றால், அது மட்டுமே உள்ளே வரும் வெளிச்சத்தில் 6 சதவீதத்தை மறைக்கிறது. அதை நாம் கண்டுகொள்வதே இல்லை. உங்கள் கண்ணாடியில் இருக்கும் புள்ளிகளை எல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது. நிலாவுக்குப் பக்கத்தில் லேசான மூட்டம் தெரியும், அவ்வளவுதான்.

கழுவியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் இப்படிச் செய்யுங்கள். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடியைச் சாய்த்து வைத்துக் குழாய்த் தண்ணீரை நிறையப் பாயவிடுங்கள். மணல் போக வேண்டியது இந்தக் கட்டத்தில்தான், அதனால் இங்கே அவசரமே கூடாது. அப்புறம் காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு விட்டுக் கண்ணாடியை மூழ்கவையுங்கள். தண்ணீருக்கு அடியிலேயே பஞ்சை அதன் சொந்த எடையில் ஒரே திசையில் இழுங்கள். ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு, விரல் அழுத்தவே கூடாது. கடைசியில் மறுபடி காய்ச்சி வடித்த நீரை ஊற்றிச் செங்குத்தாக நிறுத்தினால், தண்ணீர் பெரும்பாலும் தானாகவே உருண்டு இறங்கிவிடும். மிஞ்சி நிற்கும் நாலைந்து துளிகளை டிஷ்யூ காகிதத்தின் முனையால் தொட்டு உறிஞ்சுங்கள். அதைத் துடைக்கப் போய்விடாதீர்கள்!

வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் காலத்துத் தொலைநோக்கிகளில் இந்தக் கண்ணாடியே கிடையாது, செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தட்டுதான். அது சீக்கிரம் மங்கிப்போகும். 1789இல் அவர் முடித்த 40 அடித் தொலைநோக்கிக்கு இரண்டு தட்டுகள் வைத்திருந்தார், ஒன்று மெருகுக்குப் போனால் இன்னொன்று குழாயில் இருக்கும். அதை நினைத்தால் நமக்கு வேலையே இல்லை.

நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயம் ஈரம். தெளிந்த வானத்தின் கீழ் எந்தப் பொருளும் வெப்பத்தை மேலே விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும், அதன்மேல் பனி படியும். முதலில் மாட்டுவது ஃபைண்டரும் (குறிபார்க்கப் பெரிய குழாயின்மேல் பொருத்தியிருக்கும் குட்டித் தொலைநோக்கி) வாய்ப்பக்கத்துச் சிறிய கண்ணாடியும்தான். தூக்கக் கலக்கத்தில் நாம் செய்யும் தப்பு, ஈரத்தோடு மூடி போட்டுவிட்டுப் போய்ப் படுப்பது. நான் அப்படி ஒருமுறை மூடிய ஃபைண்டரை மூன்று வாரம் தொடவில்லை. அப்புறம் திறந்தபோது லென்ஸின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளையாக வேர் விட்டிருந்தது. பூஞ்சை. சுத்தம் செய்தேன், வேர் போன தடம் மட்டும் இன்றுவரை இருக்கிறது. பூஞ்சை வெளிவிடும் அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும்.

அதனால் காயவிட்டு மூடுங்கள். குழாயைக் கிடைமட்டமாக வைத்து, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டர் விசிறியை அரைமணி நேரம் ஓடவிட்டால் போதும். ராத்திரி ஆரம்பத்தில் கண்ணாடியைச் சீக்கிரம் குளிரவைக்கவும் அதே விசிறி உதவும். மொத்தத் தொலைநோக்கியையும் பிளாஸ்டிக் உறையால் இறுக்கிக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே அடைபடும். பருத்தித் துணி போதும். அறைக்குள் ஈரமானி ஒன்று மாட்டுங்கள். முள் நாள்கணக்கில் 70 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் ஈரம் உறிஞ்சும் கருவி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். ஐபீஸ்கள், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்கள், காற்றுப் புகாத பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடு இருக்கட்டும். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் 120 டிகிரி ஓவனில் சில மணி நேரம் வைத்து எடுங்கள், பழைய நிறம் திரும்பும்.

படம் மங்கலாகத் தெரிந்தால் தூசியைச் சந்தேகிக்கும் முன் கொலிமேஷனை, அதாவது இரண்டு கண்ணாடிகளும் நேர்கோட்டில் பொருந்தி நிற்கின்றனவா என்பதை, பாருங்கள், பெரும்பாலும் குற்றவாளி அதுதான். ஓரளவு பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் நிறுத்திக் குவியத்தைக் கொஞ்சம் கலையுங்கள். வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று சமமாக, கருப்பு வட்டம் நடுவில் இருந்தால் சரி. ஒருபக்கம் ஒதுங்கினால் பெரிய கண்ணாடியின் திருகுகளைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். நட்சத்திரம் முக்கோணமாகத் தெரிகிறதா? கண்ணாடியைப் பிடித்திருக்கும் கவ்விகளை யாரோ இறுக்கிவிட்டார்கள். (அந்த யாரோ, என் வீட்டில், நான்தான்.)

குழாயைத் தாங்கித் திருப்பும் மவுண்ட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. எடை சமனாக இருக்கிறதா, கேபிள் எங்காவது மாட்டுகிறதா என்று பாருங்கள். மவுண்ட்டை இயக்கும் கைக்கருவியில் பேட்டரி இருந்தால், பல வாரம் பயன்படுத்தப் போவதில்லை என்னும்போது கழற்றி வையுங்கள். கசிந்த பேட்டரி தொடுமுனைகளைத் தின்றுவிடும். பற்சக்கரம் ஒழுங்காக ஓடினால் திறந்து கிரீஸ் தடவும் ஆசையை அடக்குங்கள்.

பகலில் கூரையைத் திறந்து ஏதாவது வேலை பார்க்கும்போது முக்கியமாக ஒன்று: பெரிய குழாயின் மூடியோடு ஃபைண்டர் மூடியும் போட்டிருக்க வேண்டும். சூரியன் அந்தப் பக்கம் திரும்ப அதிக நேரம் ஆகாது. அவ்வளவு சின்ன ஃபைண்டரே என் சட்டைத்தோளில் கறுப்பாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறது. கண்ணாக இருந்திருந்தால் இந்தப் பதிலை யாராவது எனக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்திருக்கும்.