ஜவ்வாது மலையூரில் பாம்பு கடித்தால் ஆரம்ப சுகாதார நிலையமா, நேரே அடுக்கம்பாறையா (வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை)?

முதலில் 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கிளம்பும்போதே கேளுங்கள். இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் டோஸ், பிறகு அடுக்கம்பாறை. மருந்தே இல்லாத இடத்தில் நின்று நேரத்தை விடாதீர்கள்.

கடிபட்டவரை நடக்க விடக்கூடாது. வண்டி ஏறாத மலைப்பாதை என்றால் கட்டிலிலோ டோலியிலோ தூக்குங்கள். காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் மூங்கில் பட்டை வைத்து அசையாமல் கட்டலாம். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் கேடு. ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் மருத்துவமனையில்தான் அவிழ்க்க வேண்டும். சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் மொத்தமாகப் பரவும்.

அங்கே 2 மில்லி ரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் ஆட்டாமல் வைப்பார்கள். உறையாவிட்டால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம். (சோப்பில் கழுவிய குழாய் என்றால் நல்ல ரத்தமும் உறையாது.) மருந்து வழக்கமாக 8 முதல் 10 குப்பி, குழந்தைக்கும் அதே அளவுதான், பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே!

ஏமாற்றுவது கட்டுவிரியன். தரையில் படுத்தவரை இரவில் கடிக்கும்; வலியோ வீக்கமோ பெரிதாக இராது. விடியலில் வயிற்றுவலி, இமை தொங்கல் என்றால் உடனே கிளம்புங்கள்.