கால்நடை மருத்துவர் பதில்கள்: விலங்கின் நோய் எந்த வழியில் நம்மிடம் வருகிறது?

கேள்வி: எங்கள் பசுக்களுக்குக் கோமாரி வந்து, வாயிலும் குளம்பிடுக்கிலும் புண்ணாகிவிட்டது. அதே வாரத்தில் பேரனுக்கும் கையிலும் வாயிலும் கொப்புளங்கள் வந்தன. மாட்டிடமிருந்து தொற்றியிருக்குமா? (ஒரு வாசகி, செய்யாறு)

பதில்: அஞ்ச வேண்டாம். குழந்தைகளுக்கு வரும் கை, கால், வாய் நோய் வேறொரு வைரஸால் வருவது. அது குழந்தையிடமிருந்து குழந்தைக்குப் பரவுமே தவிர, மாட்டிடமிருந்து வருவதில்லை. கோமாரி மனிதரைத் தொற்றியதாக உலகில் பதிவானவை மிகச் சிலவே. அவையும் லேசாக வந்து தாமே ஆறியவை. அண்மை ஆண்டுகளில் நம் மாடுகளைப் பாடாய்ப் படுத்திய தோல் கழலை நோயும் மனிதருக்கு வராது. ஆனால் உங்கள் கையும் செருப்பும் அடுத்த வீட்டு மாட்டுக்குக் கோமாரியைக் கொண்டு சேர்க்கும் என்பதை மறவாதீர்கள்.

கேள்வி: எங்கள் நாட்டில் நிபா வைரஸ் நோய் பரவியபோது நான் பள்ளி மாணவன். அது பன்றியிலிருந்து வந்ததாகச் சிலரும் வௌவாலிலிருந்து வந்ததாகச் சிலரும் சொல்கிறார்கள். எது சரி? (ஒரு வாசகர், கிள்ளான், மலேசியா)

பதில்: இரண்டும் சரி; அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு மாமரம் நின்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

பழந்தின்னி வௌவால்கள் இந்த வைரஸைத் தம் உடலில் சுமந்தபடியே நோயின்றி வாழ்பவை. மலேசியாவின் ஈப்போ பகுதியில் பெரும் பன்றிக் கொட்டகைகளை ஒட்டியே மாமரங்களும் பிற பழமரங்களும் வளர்க்கப்பட்டிருந்தன. இரவில் வந்த வௌவால்கள் கடித்துப் போட்ட பழமும் அவற்றின் எச்சிலும் சிறுநீரும் கொட்டகைக்குள் விழ, வைரஸ் பன்றிகளைப் பற்றியது. ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கான பன்றிகள் நெருக்கியடித்து நிற்கும்போது, இருமலால் பரவும் நோய்க்கு அதைவிட வசதியான இடம் ஏது? பன்றிகள் நாய் குரைப்பதைப் போல உரக்க இருமின. அவற்றில் இறந்தவை குறைவு என்பதுதான் வினையாகிப் போனது; கூட்டமாகச் செத்திருந்தால் எல்லோரும் முன்பே விழித்திருப்பார்கள்.

1998 செப்டம்பர் முதல் பண்ணையாட்கள் காய்ச்சலும் மயக்கமுமாக மருத்துவமனைக்கு வரத் தொடங்கினர். பன்றிகளோடு தொடர்புடைய மூளைக்காய்ச்சல் என்றதும், அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலே என்று கருதப்பட்டது. ஊர் ஊராகக் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், நோய் அடங்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கோ படுத்தவர்களில் பெரும்பாலோர் பன்றிகளோடு புழங்கிய வளர்ந்த ஆண்கள். கொசு வீட்டில் ஒருவரை மட்டும் தேடிப் பிடித்துக் கடிக்காது அல்லவா? அந்த ஆட்களுக்கு முன்பே பன்றிகள் இருமியதும் பலர் கண்முன் நடந்ததுதான். ஒரு கால்நடை மருத்துவனாக என்னை இன்றும் வருத்துவது இந்த இடம்தான்: நோயாளியைப் பார்த்தவர்களும் பன்றியைப் பார்த்தவர்களும் முதல் மாதத்திலேயே ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால், எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

அதற்குள் நோயுற்ற பன்றிகள் விற்கப்பட்டு, லாரிகளில் ஏற்றப்பட்டு, நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போய்விட்டன. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் சுவா கா பிங், சுங்கை நிபா என்னும் ஊரைச் சேர்ந்த நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியில் அதுவரை அறியப்படாத வைரஸ் ஒன்று இருப்பதைக் கண்டறிந்தார். ஊரின் பெயரே வைரஸின் பெயரானது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று, அவர்களில் 105 பேர் இறந்தனர். சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடத்தில் வேலை செய்த 11 பேருக்கு நோய் வந்து ஒருவர் உயிரிழந்தார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்ட பிறகே அது ஓய்ந்தது.

2018-இல் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 17 உயிர்களைக் கொண்டுபோனதும் நிபாதான் என்றாலும், அங்கே நடுவில் பன்றி இல்லை. முதல் நோயாளிக்குப் பிறகு மனிதரிடமிருந்து மனிதருக்கே, பெரும்பாலும் மருத்துவமனைகளில், அது பரவியது.

கேள்வி: அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கே பறவைக் காய்ச்சல் வந்ததாமே! பச்சைப் பால்தான் உடம்புக்கு நல்லது என்று என் மருமகள் காய்ச்சாமல் குடிக்கிறாள். (ஒரு வாசகி, பொள்ளாச்சி)

பதில்: உங்கள் மருமகளிடம் இன்றே இதைப் படித்துக் காட்டுங்கள். 2024 மார்ச் இறுதியில் டெக்ஸாஸ், கான்சாஸ் மாநிலப் பண்ணைகளில் மாடுகள் தீனியைக் குறைத்தன, பால் வற்றியது, வந்த கொஞ்சப் பாலும் சீம்பால்போல மஞ்சளாகவும் கெட்டியாகவும் இருந்தது. சோதித்தபோது ஹெச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் மடியிலேயே குடியேறியிருப்பது தெரிந்தது. எந்த உயிரணுவிலும் தனக்கு ஏற்ற பிடிமானம் இருந்தால்தான் வைரஸ் உள்ளே நுழைய முடியும். பசுவின் மடித் திசுவில் அந்தப் பிடிமானம் தாராளமாக இருந்திருக்கிறது. பல மாடுகளுக்கு அடுத்தடுத்து மாட்டப்படும் கறவை இயந்திரத்தின் வழியாகவும், மாநிலம் விட்டு மாநிலம் விற்கப்பட்ட மாடுகளின் வழியாகவும் அது பரவியது. அந்தப் பண்ணைகளில் பச்சைப் பாலைக் குடித்த பூனைகள் செத்தன. பால் கறந்த தொழிலாளர்கள் சிலருக்குக் கண் சிவந்து நீர் வடிந்தது. பால் தெறித்த முகமும், அதைத் துடைத்த கையும் போதுமானதாக இருந்தன. அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் லேசாகவே இருந்தது.

இன்று லேசாக இருப்பது என்றும் லேசாகவே இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஹெச்5என்1 போன்ற ஃப்ளூ வைரஸ்கள் ஒன்றோடொன்று மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொள்பவை. ஒரே உடலில் இரண்டு வகை சந்தித்தால் மூன்றாவது பிறக்கலாம். 2009-இல் உலகமெங்கும் பரவிய பன்றிக் காய்ச்சல் அப்படிக் கலந்து உருவானதே. பாலைப் பொறுத்தவரை வழி எளியது: பொங்கி வரும்வரை காய்ச்சினால் இந்த வைரஸ் தாங்காது. காய்ச்சுவதால் பாலின் சத்தில் இழப்பது அற்பமே.

கேள்வி: எங்கள் கிடேரி இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை, வாயில் எச்சில் ஒழுகிற்று, குரல் மாறிக் கத்திக்கொண்டே இருந்தது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் செத்துவிட்டது. (ஒரு வாசகர், திருச்செங்கோடு)

பதில்: இக்கடிதம் கிடைத்த அன்றே இந்த வாசகரைத் தொலைபேசியில் அழைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். நீங்கள் விவரித்த அறிகுறிகள் வெறிநோய்க்குரியவை. வெறிநாய் கடித்த மாட்டுக்குச் சில வாரங்களோ மாதங்களோ கழித்துத் தொண்டைத் தசை செயலிழக்கும். விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும். அதைக் காண்பவருக்குத் தொண்டை அடைப்பாகவே தோன்றும். வாய்க்குள் கை விடுவது நாட்டுப்புறத்தில் எல்லோரும் இயல்பாகச் செய்வதுதான். ஆனால் விரலில் அரிவாள் கீறல் ஒன்று இருந்தால்கூட எச்சிலிலுள்ள வைரஸ் அதன் வழியே நுழைந்துவிடும். நோய் தலைகாட்டிய பின் உயிரைக் காப்பது ஏறத்தாழ இயலாது. தலைகாட்டும் முன் தடுப்பூசி போட்டுக்கொண்டால் காப்பாற்றிவிடலாம்.

கையைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். எத்தனை நாள் கடந்திருந்தாலும் மருத்துவமனைக்குப் போய், மாடு செத்ததையும் கையை விட்டதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். கையில் காயம் இருந்தால் அதனுடன் சேர்த்துப் போட வேண்டிய மருந்தை மருத்துவர் முடிவு செய்வார். அந்த மாட்டைப் பிடித்துக்கொண்டவர், வாயில் மருந்து ஊற்றியவர், எச்சில் பட்ட தொட்டியைக் கழுவியவர் எல்லோரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தோலை உரிக்க யாரையும் விடாமல், ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். உள்ளூர்க் கால்நடை மருந்தகத்துக்கும் அன்றே தகவல் கொடுங்கள், ஏனெனில் கிடேரியைக் கடித்த நாய் அந்த ஊரில் வேறு யாரையும் கடித்திருக்கக்கூடும்.