அடிப்படை ஆண்டின் வழியாக இங்கிலாந்தில் உயிர்வேதியியல் படிக்க முடியுமா?

இங்கிலாந்தின் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் வேதியியல் எடுக்காத ஒருவர் இங்கிலாந்தில் உயிர்வேதியியல் பட்டம் படிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். மூன்றாண்டுப் பட்டத்திற்கு முன்னால் ஓர் அடிப்படை ஆண்டைச் சேர்த்து, நான்காண்டுப் படிப்பாகப் பல பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. அந்த ஆண்டில் நிர்ணயித்த மதிப்பெண்ணைப் பெற்றால் முதலாம் ஆண்டுக்கு நேரடியாகச் செல்லலாம்.

அடிப்படை ஆண்டில் உயிரியலைவிட வேதியியலுக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள் என்பேன். ஒரு லிட்டர் 1 மோலார் சோடியம் குளோரைடு கரைசல் தயாரிக்க 58.44 கிராம் உப்பு வேண்டும் என்பதையும், அதில் 10 மில்லிலிட்டரை எடுத்து நீர் சேர்த்து 100 மில்லிலிட்டராக்கினால் செறிவு 0.1 மோலாராகும் என்பதையும் தயங்காமல் கணக்கிடத் தெரிந்தவருக்கு, பின்னர் வரும், அமிலத்தன்மை எளிதில் மாறாத தாங்கல் கரைசல்களும் நொதிகளின் வினைவேகமும் அவ்வளவாக அச்சமூட்டுவதில்லை. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். ஒரு மடக்கை அளவு என்பதால் கணிதத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

கட்டணத்தில் கவனம் தேவை. 2025-26 முதல் வகுப்பறை சார்ந்த பாடங்களின் அடிப்படை ஆண்டுக்கு இங்கிலாந்தின் உள்நாட்டு மாணவர்களுக்கான கட்டண உச்சவரம்பு 5,760 பவுண்டாகக் குறைக்கப்பட்டாலும், ஆய்வகம் சார்ந்த அறிவியல் படிப்புகளுக்கு அந்தக் கல்வியாண்டில் 9,535 பவுண்டு வரை வசூலிக்க முடிந்தது. ஓரிடத்தில் முடித்த அடிப்படை ஆண்டை மற்றொரு பல்கலைக்கழகம் ஏற்கும் என்ற உறுதி இல்லாததால், நான்கு ஆண்டுகளும் படிக்க விரும்பும் இடத்தையே தேர்ந்தெடுங்கள்.