சிவப்பு வால் பாம்புராணி: அடிக்கலாமா, விடலாமா?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டைத் திருவிழா, கல்யாணம் என்றால்தான் வந்து திறப்போம். இந்த முறை இரண்டாம் கட்டு முற்றத்தில் பூந்தொட்டியை நகர்த்தியதும், விரல் நீளத்தில் பளபளவென்று ஒன்று சிவப்பு வாலோடு நெளிந்து ஓடியது. பாம்புராணி, கடித்தால் மரணம் என்று வேலைக்கு வரும் அம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டார். பேரனோ போனில் தேடிப் பார்த்து, கோவைப் பக்கம் புதிதாகக் கண்டுபிடித்த காட்டு அரணை என்கிறான். இன்னொரு இடத்தில் இதற்கே இரண்டு பெயர் போட்டிருக்கிறதாம். எதை நம்புவது? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: ஆச்சி, பாம்புராணி என்பதும் அரணைதான். அரணைக்கு விஷம் கிடையாது. எந்த அரணை இனத்துக்கும் விஷப்பல் இல்லை. வேலி ஓரம் வெயில் காயும் பெரிய அரணையைக் கையில் பிடித்தால் கவ்வும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். நீங்கள் பார்த்த அளவில் உள்ளதற்கு அந்த வலுவும் இல்லை.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் புள்ளி அரணையின் குட்டி. தோட்டத்து மண்ணிலும் சருகிலும் புதைந்து வாழும் இனம். கால்கள் மிகச் சின்னவை. வேகமாக ஓடும்போது உடம்பை நெளித்துப் போவதால் கால் இருப்பதே தெரியாது, பாம்புக்குட்டி என்றே தோன்றும். நின்றுவிட்டால் உற்றுப் பாருங்கள்: கண் இமைக்கும், கண்ணுக்குப் பின்னால் காதுத் துளை இருக்கும். பாம்புக்கு இமையும் இல்லை, காதுத் துளையும் இல்லை. இதன் கீழ் இமையில் இன்னொரு அழகு உண்டு. நடுவில் கண்ணாடி போலத் தெளிந்த ஒரு வட்டம். மண்ணுக்குள் இமையை மூடிக்கொண்டே வெளிச்சத்தைப் பார்க்கலாம்.

வால் சிவப்பாக இருப்பது குட்டிப் பருவத்தில்தான். செம்போத்தோ பூனையோ பாய்ந்தால் கண் முதலில் வாலுக்குப் போகும். வால் கழன்று துடிக்கும், அரணை தப்பிவிடும். வால் எலும்புக்குள்ளேயே உடைவதற்கென்று இடம் அமைந்திருக்கிறது. மறுபடி வளரும் வாலில் எலும்பு இருக்காது, குருத்தெலும்புத் தண்டுதான். ஆனால் வாலில்தான் கொழுப்பைச் சேமித்து வைக்கிறது. அதனால் விளையாட்டுக்காக வாலை அறுக்க வைப்பது அதன் சோற்றுப் பானையைக் கவிழ்ப்பதற்குச் சமம். பிள்ளைகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

பேரன் பார்த்த செய்தி உண்மைதான். 2021-இல் கோவை ஆனைகட்டி மலைக்காட்டிலிருந்து சப்டொலுசெப்ஸ் நீல்கிரியென்சிஸ் என்று ஒரு சிறிய அரணைக்குப் பெயர் வைத்தார்கள். சுமார் 7 செ.மீ. நீளம், மணல் பழுப்பு நிறம். அதன் நெருங்கிய உறவான சப்டொலுசெப்ஸ் ப்ருதி, கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. ஆனைகட்டி உங்கள் ஊரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். செட்டிநாட்டுச் செம்மண் தோட்டத்தில் அதை எதிர்பார்ப்பதைவிட, தமிழ்நாடு முழுக்க உள்ள புள்ளி அரணையை நினைப்பதே நியாயம்.

இரண்டு பெயர் விஷயத்துக்கு வருவோம். இந்தப் புள்ளி அரணையை வெகுகாலம் லைகோசோமா பங்க்டேட்டா என்ற அறிவியல் பெயரிலேயே எழுதினார்கள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, லைகோசோமா என்று ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தவை எல்லாம் ஒரே குடும்பக் கிளை அல்ல என்று தெரிந்தது. 2019-இல் கிளைகளைப் பிரித்தார்கள். இந்தியக் கிளைக்கு, 1839-இல் விலங்கியலாளர் கிரே வைத்த ரியோபா என்ற பழைய பெயர் ஏற்கெனவே இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டார்கள். ஆக, ரியோபா பங்க்டேட்டா, லைகோசோமா பங்க்டேட்டா இரண்டும் ஒரே உயிரினம்தான். இன்றைக்கு முதலாவதை எழுதுவது சரி. ஆனைகட்டி அரணையின் சப்டொலுசெப்ஸ் பேரினமும் அதே பிரிப்பில் வந்ததுதான்.

'கடித்தால் மரணம்' என்ற பேச்சு எப்படி வந்திருக்கும்? இது என் ஊகம்: இரவில் தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்திருக்கும். வலி அநேகமாக இருக்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. காலையில் பாய்க்குப் பக்கத்தில் அரணை ஓடினால் பழி அதன்மேல் விழும். ஆகவே ஒன்றை மனதில் வையுங்கள். ராத்திரியில் ஏதோ கடித்த மாதிரி இருந்து, வயிறு வலித்தால், இமை சொருகினால், அரணைதான் என்று சும்மா இருக்காமல் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷமுறிவு ஊசி அங்கே கிடைக்கும்.

சரி, வீட்டுக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது? துடைப்பம் வேண்டாம். தோட்டத்துக் கதவைத் திறந்து வைத்து, முறத்தைத் தரையோடு சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தள்ளினால் போய்விடும். வெளியே விட்டால் கரையானையும் வண்டுப் புழுவையும் தின்று உங்கள் பழைய மரக்கதவுகளுக்கு நல்லதே செய்யும். பூந்தொட்டி மண்ணில் சின்ன வெள்ளை முட்டைகள் இருந்தால் புரட்டாமல் மண்ணைத் திரும்ப மூடிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு குச்சியைச் சாய்த்து வைத்தால் விழுந்தது ஏறி வந்துவிடும்.

பேரனுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் நிறத்தைப் பார்க்க வேண்டாம். தலையின் மேல்புறம், பக்கவாட்டு முகம், நடு உடம்புச் செதில்கள் தெளிவாகத் தெரிகிற மாதிரி மூன்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நிபுணர்கள் பார்ப்பது செதில்களின் அமைப்பையும் எண்ணிக்கையையும்தான்.