கையில் பூசும் ஜெல்லும் கன்னத்து மங்கும்

கேள்வி: எனக்கு வயது 51. செம்பனை நாற்றுப்பண்ணையில் வேலை. மாதவிடாய் நின்றபின் உடம்பு திடீர் திடீரென்று கொதித்து வியர்த்ததால், மருத்துவர் கையில் பூச ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் கூடவே புரோஜெஸ்டெரோன் மாத்திரையும் கொடுத்தார். சில மாதங்களாக இரு கன்னங்களிலும் மங்கு விழுந்து கருத்து வருகிறது. தலைத்துண்டு மறைக்கும் நெற்றி மட்டும் முன்போலவே இருக்கிறது. கையில் பூசும் மருந்து முகத்தைக் கருக்குமா? என் அண்ணி பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கிரீமைப் பூசி இரண்டே வாரத்தில் வெளுத்துவிட்டார். நானும் பூசலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நெற்றியைப் பற்றி எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஜெல்லைப் பூசுவது தோலில்தான் என்றாலும், அது இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்வதற்காகவே தயாரிக்கப்படுகிறது. மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் செல்கள் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டெரோனையும் உணரக்கூடியவை. குறிப்பாக ஈஸ்ட்ரோஜன், நிறமி உற்பத்திக்கு வேண்டிய டைரோசினேஸ் நொதியை முடுக்கிவிடுகிறது. புற ஊதாக் கதிர் பட்டதும் மேல்தோல் செல்கள் சுரக்கும் தூண்டு ஹார்மோனும் அதே நிறமிச் செல்களைத்தான் எழுப்புகிறது. உங்கள் நெற்றிக்கும் கன்னத்துக்கும் ஒரே அளவு மருந்துதான் போய்ச் சேர்ந்திருக்கும். வெயில் பட்ட இடம் மட்டும் கருத்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை உண்பவர்களுக்கும் மங்கு விழுவது இதே வழியில்தான். ஆனால் ஜெல் பூசும் எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை என்பதால், நீங்களாக மருந்தை நிறுத்திவிடாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கன்னத்தைக் காட்டுங்கள்.

அண்ணியின் கிரீமை நான் பார்த்ததில்லை. ஆயினும் இரண்டு வாரத்தில் வெளுப்பு என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இத்தகைய கிரீம்களில் பாதரசம், நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், வைட்டமின் ஏ வகை மருந்தான டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் ஆகியவற்றைக் கண்டறிந்து, அவற்றின் விற்பனைக்கான பதிவை மலேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பலமுறை ரத்து செய்திருக்கிறது. பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. அதுவும் ஒரு ஹார்மோன் மருந்துதான், ஆனால் ஈஸ்ட்ரோஜனுக்கு நேர்மாறாக நிறமிச் செல்களைத் தற்காலிகமாக அடக்கிவைக்கும். இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் முகம் வெளிறித் தெரியும். வெயில் சுட்டாலும் சிவப்பு உடனே தெரியாமல் போகும் என்பது இதிலுள்ள பெரிய வஞ்சகம். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்த நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரிந்து, பருவும் பூனைமுடியும் கிளம்பும். தோல் மருத்துவர்களும் மங்குக்கு ஸ்டீராய்டைப் பயன்படுத்துவது உண்டு: தோல் மருத்துவர் கிளிக்மன் 1975இல் வெளியிட்ட கலவையில் 5 சதவீத ஹைட்ரோகுவினோன், 0.1 சதவீத டிரெட்டினோயின், 0.1 சதவீத டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஆகியவை இருந்தன. ஆனால் அத்தகைய கலவையைச் சில வாரங்களுக்கு மட்டும், கண்காணிப்போடுதான் கொடுப்பார்கள்.

எந்த மருந்தானாலும் வெயிலைத் தடுக்காவிட்டால் மங்கு திரும்பிவிடும். வெயில் தடுப்பு அளவான எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீனை வாங்குங்கள். புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கருக்கும் என்பதால், நிறமில்லாத வகை முழுப் பாதுகாப்புத் தராது. வேலையில் வியர்த்து வழிந்துவிடும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். மேகமூட்டமான நாளிலும் விட்டுவிட வேண்டாம். தலைத்துண்டின் மேல் அகல விளிம்புத் தொப்பியும் வேண்டும்.

உங்கள் அண்ணி நீண்ட நாள் பூசியிருந்தால், திடீரென நிறுத்தும்போது முகம் சிவந்து எரியக்கூடும். அதனால் அந்தக் கிரீம் டப்பாவையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே அரசாங்க கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள்.