நான் சைவம், கணவர் அசைவம். இரண்டு தடவை சமைக்காமல் ஒன்றாகச் சாப்பிட வழி உண்டா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வீடு, இரண்டு அடுப்பு, இருவரும் வேலை முடிந்து வர ஆறு மணி ஆகிவிடும் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டு குழம்பு வைக்காதீர்கள். ஒரே மசாலாவை வதக்கி, கோழி விழுவதற்கு முன்னால் இரண்டு சட்டியாகப் பிரியுங்கள்.

அளவு இதுதான். ஐந்து மேசைக்கரண்டி எண்ணெயில் பட்டை, 3 ஏலக்காய், 4 கிராம்பு, ஒரு அன்னாசிப்பூ, கறிவேப்பிலை. 3 பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி 10, 12 நிமிடம் நிதானமாக வதக்குங்கள். இஞ்சி பூண்டு விழுது ஒன்றரைக் கரண்டி, தக்காளி 2. மூன்று கரண்டி இறைச்சி மசாலாத் தூளை அரைக் கோப்பைத் தண்ணீரில் குழைத்து ஊற்றுங்கள். தூளாகப் போட்டால் அடிபிடித்துக் கசக்கும். 'இறைச்சி மசாலா' என்ற பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மல்லி, மிளகாய், சீரகம், சோம்பு வகைகள்தான். ஆனாலும் பொட்டலத்தின் பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எண்ணெய் பிரிந்து வந்ததும் மூன்றில் இரண்டு பங்கு அவர் சட்டிக்கு, ஒரு பங்கு உங்கள் சட்டிக்கு. உப்பு இதற்குப் பிறகுதான். அரைக் கிலோ கோழிக்குப் போதுமான உப்பு உருளைக்கிழங்குக்குக் கரிக்கும்.

பலருக்கும் சைவச் சட்டி சப்பென்று போவது இங்கேதான். கோழி தன் சாற்றையும் கொழுப்பையும் விட்டுக் குழம்புக்குத் தானே ருசி கொடுத்துவிடும். காய்க்கு அது கிடையாது. அதனால் உங்கள் சட்டிக்கு இரண்டு கரண்டி வறுத்தரைத்த தேங்காய், அல்லது கால் கோப்பை கெட்டித் தேங்காய்ப் பால் கட்டாயம். தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) போடுவதாக இருந்தால் வில்லையாக வெட்டி, உப்பு மஞ்சள் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, துடைத்து, ஓரம் சிவக்கப் பொரித்துக் கடைசி ஐந்து நிமிடத்தில் சேருங்கள். சோயா உருண்டை என்றால் உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை பிழியுங்கள், ஒரு தடவை போதாது, பச்சை வாடை போகாது. கோழி 25, 30 நிமிடத்தில் வெந்துவிடும். இரண்டும் சேர்ந்தே இறங்கும். ஆட்டிறைச்சிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதை மஞ்சள், உப்போடு குக்கரில் தனியாக முக்கால் பதம் வேகவைத்துவிட்டுத்தான் மசாலாவைத் தொட வேண்டும்.

பொரியல் வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள்: முதலில் அப்பளம், அப்புறம் தௌக்குவா (கெட்டியான சோயாப் பன்னீர்), தெம்பே, கடைசியில் மீன். மீன் பொரித்த எண்ணெயை எத்தனை தடவை வடிகட்டினாலும் வாடை போகாது.

உண்மையில் சண்டை வருவது இறைச்சித் துண்டால் இல்லை, கண்ணுக்குத் தெரியாத சாமான்களால். சம்பல் என்ற மிளகாய் விழுதில் பெலாச்சான் (இறால் விழுது), கீரையில் சிப்பி சோஸ், சூப்பில் கோழிச் சாற்றுக் கட்டி. சம்பலைப் பெலாச்சான் இல்லாமலேயே அரைத்து, ஒரு கரண்டி தௌச்சுவை (புளிக்கவைத்த சோயா விழுது) எண்ணெயில் வதக்கிச் சேர்த்தால் அந்த ஆழமான ருசி ஓரளவு வந்துவிடும். தௌச்சுவே உப்பு, தனியாக உப்புப் போடாதீர்கள். இக்கான் பிலிஸை (உலர்ந்த நெத்திலி) மொறுமொறுவென்று பொரித்து டப்பாவில் வைத்தால் அவர் தன் தட்டில் தூவிக்கொள்வார். காளானில் செய்த சைவச் சிப்பி சோஸ் கடையில் கிடைக்கிறது. ஒரே போத்தலை இருவரும் பயன்படுத்தலாம்.

அகப்பை இரண்டு, வெட்டுப்பலகை இரண்டு, பாத்திரம் தேய்க்கும் பஞ்சு இரண்டு. சைவ அகப்பையின் பிடியில் சிவப்பு ராஃபியாக் கயிறு கட்டிவிடுங்கள், அவசரத்தில் அதுதான் காப்பாற்றும். ஐஸ் பெட்டியில் இறைச்சி மூடிய டப்பாவில் கீழ்த்தட்டில் இருக்கட்டும். மேல்தட்டில் வைத்தால் தண்ணீர் சொட்டி உங்கள் கீரையில் விழும். தட்டும் தனியாக வேண்டுமா என்பது உங்கள் மனசைப் பொறுத்தது. எது உறுத்துகிறது, வாடையா, அகப்பையா, பார்ப்பதா என்று அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

வெளியே சாப்பிடும்போது மலாயில் 'சாயூர்' (காய்கறி) என்று மட்டும் கேட்டால் காய் வரும், கூடவே உலர்ந்த இறாலும் வரலாம். 'உடாங் (இறால்), இக்கான் (மீன்), பெலாச்சான், சோஸ் தீராம் (சிப்பி சோஸ்) எதுவும் வேண்டாம்' என்று பேர் சொல்லிக் கேளுங்கள். மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவுக் கடை) டால்ச்சா என்ற பருப்புக் குழம்பில் ஆட்டெலும்பு கிடப்பது சகஜம். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்க்கு வெறும் பருப்பு இருக்கிறதா, அதற்குத் தனி அகப்பையா என்று பாருங்கள். சீனச் சைவக் கடையில் பெரும்பாலும் பூண்டு வெங்காயம்கூட இருக்காது, ஆனால் அங்கே விற்கும் சைவ மட்டனில் முட்டை வெள்ளைக்கரு கலந்த வகைகள் உண்டு. உறையில் 'தெலூர்' (முட்டை) என்று இருக்கிறதா பாருங்கள்.

வெள்ளிக்கிழமையும் புரட்டாசியும் அவர் வீட்டிலும் சைவமாகத்தான் இருந்திருக்கும். அந்த நாள்களில் அவர் எதை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார் என்று கவனித்து வையுங்கள். வாரத்தில் மற்ற நாள்களுக்கும் அதையே பொதுக் கறியாக வைத்து, அவருக்குப் பக்கத்தில் ஒரு முட்டையோ பொரித்த மீனோ போதும்.