அம்மாவின் மரப்பாச்சிகள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: அம்மா சிறுமியாக இருந்தபோது பாட்டி வாங்கிக் கொடுத்த செம்மர மரப்பாச்சி ஜோடி, எங்கள் வீட்டுக் கொலுவில் எப்போதும் மேல்படியில் நிற்கும். சில வருடங்களுக்கு முன் கொலுவை எடுத்து வைக்கும்போது, தங்கை பார்த்துக்கொண்டிருக்க, “இனிமே இது உன்னோடது” என்று அம்மா அவற்றை என் கையில் கொடுத்தார். அடுத்த முறை எடுத்துக்கொள்கிறேன் என்று அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். போன வருடம் அம்மா காலமானார். அவர் உயில் எதுவும் எழுதவில்லை. அதற்கு முன்பே காலமான அப்பா, வீட்டையும் அதில் உள்ள பொருட்களையும் அண்ணனுக்கு உயில் எழுதியிருந்தார். அதைக் காட்டி அண்ணன் தர மறுக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தன் மகளுக்குக் கொடுக்கப் போவதாகவும் சொல்கிறார். பொம்மைக்காகவா கோர்ட்டு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்கு உரிமை இருக்கிறதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இருக்கிறது, சகோதரி. ‘பொம்மைக்காகவா’ என்ற பேச்சை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் அம்மா விளையாடிய பொம்மையைக் கடையில் போய் வாங்கிவிட முடியாது. சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது.

முதலில் அப்பாவின் உயில். ஒருவர் தனக்குச் சொந்தமானதை மட்டும்தான் உயிலில் எழுத முடியும். பிறந்த வீட்டில் கிடைத்த பொருள், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன் 14-வது பிரிவின்படி, அம்மாவின் முழுச் சொத்து. அது அப்பாவின் வீட்டில் இருந்ததாலேயே அவருடையதாகிவிடாது. எனவே ‘அதில் உள்ள பொருட்கள்’ என்ற வரி மரப்பாச்சிகளைக் கட்டுப்படுத்தாது.

இனி, அம்மா உங்களுக்குக் கொடுத்தாரா என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. வாய்மொழியாக உயில் சொல்வது போர்முனையில் இருக்கும் படைவீரர் போன்ற சிலருக்கு மட்டுமே உள்ள சலுகை. “எனக்கப்புறம் உனக்கு” என்று அம்மா சொல்லியிருந்தால் அது செல்லாது. ஆனால் அவர் சொன்னது “இனிமே”. சொல்லிவிட்டுக் கையிலும் கொடுத்திருக்கிறார். சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-வது பிரிவு, அசையும் பொருளைக் கையில் ஒப்படைத்தாலே தானம் முழுமை பெறும் என்கிறது. பத்திரம், பதிவு எதுவும் வேண்டாம். பிறகு அதே வீட்டில் வைத்துவிட்டு வந்ததால் தானம் ரத்தாகிவிடாது. அண்ணனின் வக்கீல் இந்த இடத்தில்தான் கேள்விகளை அடுக்குவார், தயாராக இருங்கள்.

இதில் உங்கள் பெரிய பலம் தங்கைதான். தானம் நிரூபிக்கப்படாவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவின்படி மரப்பாச்சிகள் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். அதாவது, “அம்மா அக்காவுக்குத்தான் கொடுத்தாங்க” என்று தங்கை சொன்னால், தன் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துச் சொல்கிறார். தனக்கு நஷ்டம் வரும்படி ஒருவர் சொல்லும் சாட்சிக்குத் தனி எடை உண்டு. அவருக்கு நினைவிருப்பதை இப்போதே தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த நாளின் போட்டோவோ, அம்மாவின் வாட்ஸ்அப் குரல் பதிவோ இருந்தால் அந்த போனை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் காட்ட, பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும்.

“பொம்மையின் விலையைக் கொடுத்துவிடுகிறேன்” என்று அண்ணன் சொன்னால்? குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 1963-ன் 8-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. பணம் போதுமான ஈடாகாது என்றால், பொருளையே திருப்பித் தரச் சொல்லலாம். இந்தக் கொள்கை இங்கிலாந்து சமநீதி மன்றங்களிலிருந்து வந்தது. 1684-ல் பியூசி என்ற குடும்பத்தின் பழங்காலக் கொம்பு ஒன்றை, விலையைப் பார்க்காமல், அப்படியே உரியவருக்குத் திருப்பித் தரச் சொன்ன வழக்கை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள்.

சரி, என்ன செய்வது? முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். இதுபோன்ற வழக்குகளில் 3 ஆண்டு காலவரையறை குறுக்கிடும், அதனால் தள்ளிப்போட வேண்டாம். போலீஸ் புகார் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அண்ணனைத் திருடன் ஆக்கிவிட்டு வாங்கும் பொம்மையைக் கொலுவில் வைக்க உங்களுக்கே மனம் வராது. அதற்குப் பதிலாக மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. வழக்கு போடுவதற்கு முன்பே அண்ணனை அழைத்துப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசம் ஆனால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆண்டுதோறும் நவராத்திரி முடிந்ததும் பொம்மைகள் யார் வீட்டுக்குப் போகும் என்பதைக்கூட அதில் எழுதிக்கொள்ளலாம். அண்ணனுக்கும் அது அம்மாவின் பொருள்தானே. அவர் மகளுக்கு அதில் ஆசை இருப்பதில் தவறில்லை.

ஆனால் பொம்மைகள் உடனே கைமாறும் என்ற நிலை வந்தால் பேச்சுவார்த்தைக்குக் காத்திருக்காதீர்கள். வழக்கோடு சேர்த்துத் தற்காலிகத் தடை கேளுங்கள். இன்னொன்றை அண்ணனிடம் நீங்களே சொல்லலாம்: செம்மரம் சர்வதேச வனஉயிரி வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. செம்மரப் பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்லக் கட்டுப்பாடுகள் உண்டு. சுங்கத்துறையில் விசாரிக்காமல் பெட்டியில் வைத்து அனுப்பினால், விமான நிலையத்திலேயே பறிமுதலாகி இரண்டு பேருக்கும் இல்லாமல் போகலாம்.